கருத்துச் சுதந்திரமும் கறுப்பின மக்களின் போராட்டமும்: அமெரிக்காவில் இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது சரியா?

கல்மரம் எழுதியது:

வணக்கம். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு அமெரிக்காவில் கிளம்பிய வாக்குவாதங்களைப் படிக்கும்போதெல்லாம் ஒரு விஷயம் உறுத்துகிறது. இனச் சமத்துவம் பேசுகிறவர்கள் ஒரு கட்சி, கருத்துச் சுதந்திரம் பேசுகிறவர்கள் எதிர்க்கட்சி என்று ஆளுக்கு ஒன்றைப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டார்கள். நம் தளத்திலும் ஒருவர், "பேச்சுரிமை என்பதே வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு" என்று எழுதியிருந்தார். வரலாறு அப்படி இல்லை. இன்று அமெரிக்கர்கள் பிறப்புரிமை போல அனுபவிக்கும் பேச்சுரிமையில் பெரும் பங்கு, தெற்கு மாநிலங்களில் அடிபட்ட கறுப்பின மக்கள் கோர்ட் படியேறி வாங்கிக் கொடுத்தது.

பேச்சுரிமைக்கு உறுதி தரும், அமெரிக்க அரசமைப்பின் முதல் சட்டத்திருத்தம் 1791லேயே வந்துவிட்டது. ஆனால் வெகுகாலம் அது காகிதத்தில்தான் இருந்தது. அடிமை முறையை எதிர்த்த அச்சுப் பிரதிகளை 1835இல் சார்ல்ஸ்டன் நகரில் தபால் நிலையத்திலிருந்து எடுத்துப்போய்க் கொளுத்தினார்கள். 1837இல் இல்லினாய் மாநிலத்து ஆல்டனில் எலைஜா லவ்ஜாய் என்ற பத்திரிகையாசிரியர், தன் அச்சு இயந்திரத்தைக் காக்கப் போய்ச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1836 முதல் 1844 வரை, அடிமை ஒழிப்பு மனுக்களை விவாதத்துக்கே எடுக்கக் கூடாது என்று நாடாளுமன்றத்தின் கீழவை விதி வைத்திருந்தது.

1892இல் மெம்ஃபிஸ் நகரில் மளிகைக் கடை நடத்திய தாமஸ் மாஸையும் அவருடைய கூட்டாளிகள் இருவரையும் ஒரு கும்பல் கொன்றது. அதைப் பற்றியும், அதுபோன்ற கும்பல் கொலைகளுக்குச் சொல்லப்பட்ட பொய்க் காரணங்களைப் பற்றியும் ஐடா பி. வெல்ஸ் எழுதினார். அவர் பத்திரிகையின் பெயர் 'ஃப்ரீ ஸ்பீச்'. அவர் வெளியூர் போயிருந்தபோது அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். ஊருக்குள் வந்தால் உயிர் இருக்காது என்று மிரட்டல். அவர் மெம்ஃபிஸுக்குத் திரும்பவில்லை. எழுதுவதை விடவும் இல்லை.

அப்புறம் அலபாமா. 1956இல் அந்த மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ஜான் பேட்டர்சன், கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. மீது வழக்குப் போட்டார். உறுப்பினர் பட்டியலைத் தரச் சொல்லி உத்தரவும் வாங்கினார். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும், அடி விழும், குண்டு கூட விழலாம். சங்கம் மறுத்தது. 1,00,000 டாலர் அபராதம் விதித்தார்கள். 1958இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகப் பட்டியலைத் தரத் தேவையில்லை என்றது. அதற்குப் பிறகும் 1964 வரை அந்தச் சங்கம் அலபாமாவில் செயல்பட முடியாதபடி இழுத்தடித்தார்கள். இன்று இடதுசாரி, வலதுசாரி என எந்த அமைப்பும் உறுப்பினர் பெயரை அரசுக்குத் தர மறுக்கும்போது முதலில் எடுத்துக்காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது சல்லிவன் வழக்கைப் பற்றி. 1960 மார்ச் 29 அன்று நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. மார்ட்டின் லூதர் கிங் மீது போடப்பட்ட வழக்குகளுக்கு நிதி கேட்டு வந்தது அது. அலபாமாவின் மான்ட்கமரியில் மாணவர்களைப் போலீஸ் எப்படி நடத்தியது என்றும் அதில் எழுதியிருந்தார்கள். சில விவரங்கள் பிசகியிருந்தன. கிங்கை ஏழு முறை கைது செய்தார்கள் என்று போட்டிருந்தது. உண்மையில் நான்கு முறை. மாணவர்கள் பாடியது தேசிய கீதம். விளம்பரத்தில் வேறொரு பாட்டின் பெயர் இருந்தது. கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தைப் பூட்டியதாகச் சொன்னதும் தவறு.

இதை வைத்துக்கொண்டு, போலீசுக்குப் பொறுப்பான நகர ஆணையர் எல்.பி. சல்லிவன் அவதூறு வழக்குப் போட்டார். விளம்பரத்தில் அவர் பெயர் எங்குமே இல்லை. இருந்தும் ஜூரி 5,00,000 டாலர் கொடுக்கச் சொன்னது. பத்திரிகையோடு அபர்னாத்தி, ஷட்டில்ஸ்வர்த், லவரி, சீ என்ற நான்கு கறுப்பினப் போதகர்களையும் பிரதிவாதிகளாகச் சேர்த்திருந்தார்கள். அவர்கள் பெயர் விளம்பரத்தில் வந்தது அவர்களுக்கே தெரியாது. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களுடைய கார்களைப் பறிமுதல் செய்தார்கள்.

இது ஒரு மனிதரின் மானப் பிரச்சினை என்று யாரும் நினைக்க வேண்டாம். இதே காலத்தில் டைம்ஸ் மீது மட்டும் அலபாமா அதிகாரிகள் 11 வழக்குகள் போட்டு 56 லட்சம் டாலர் கேட்டார்கள். சி.பி.எஸ். தொலைக்காட்சி மீது 5 வழக்குகள், 17 லட்சம் டாலர். வடக்கிலிருந்து எந்த நிருபரும் தெற்கே வந்து பார்த்ததை எழுதக் கூடாது என்பதுதான் நோக்கம். 1964இல் ஒன்பது நீதிபதிகளும் சல்லிவனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். பொய் என்று தெரிந்தே எழுதினாலோ, உண்மையா பொய்யா என்று கவலையே படாமல் எழுதினாலோ ஒழிய, பதவியில் இருப்பவர் அவதூறு என்று பணம் கேட்க முடியாது என்றானது. இன்று ஆட்சியாளர்களை எதிர்த்து எழுதும் ஒவ்வொரு அமெரிக்கப் பத்திரிகையும் நிற்பது அந்த விளம்பரம் போட்டவர்களின் தோளில்.

---

தூரத்துமேகம் எழுதியது:

//பெரும் பங்கு, தெற்கு மாநிலங்களில் அடிபட்ட கறுப்பின மக்கள் கோர்ட் படியேறி வாங்கிக் கொடுத்தது//

கல்மரம் சார், நீங்கள் சொன்ன வழக்குகளில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதே சட்டம் அப்புறம் யார் யாரைக் காப்பாற்றியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

1990 ஜூன், மினசோட்டாவின் செயின்ட் பால் நகரம். ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்திருந்த வீடு. விடியுமுன் சில இளைஞர்கள் உடைந்த நாற்காலிக் கால்களை டேப் ஒட்டிச் சிலுவையாக்கி, வேலிக்கு உள்ளே அந்த வீட்டு முற்றத்தில் வைத்துக் கொளுத்தினார்கள். எரியும் சிலுவை என்றால் என்ன என்று அந்த நாட்டில் கறுப்பினக் குழந்தைக்கும் தெரியும். வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் கொலைக்கு முன் காட்டும் அடையாளம் அது. நகரம் தன்னிடம் இருந்த வெறுப்புக் குற்றச் சட்டப்படி வழக்குப் போட்டது. 1992இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்த நகரச் சட்டம் செல்லாது என்றார்கள். காரணங்கள் வேறு வேறு, முடிவு ஒன்றுதான்.

அதற்கு முன், 1969இல், வன்முறையை ஆதரித்துப் பேசியதற்காக ஒஹையோவில் தண்டிக்கப்பட்ட கிளான் தலைவர் பிராண்டன்பர்க்குக்கும் இதே நீதிமன்றம்தான் விடுதலை கொடுத்தது.

மாரி மட்சுடா, சார்ல்ஸ் லாரன்ஸ், ரிச்சர்ட் டெல்காடோ போன்ற சட்டப் பேராசிரியர்கள் 1980களிலிருந்து கேட்கும் கேள்வி இதுதான்: இந்தச் சுதந்திரத்துக்கான விலையை யார் கட்டுகிறார்கள்? இன வசை என்பது கன்னத்தில் அறைவது போன்றது, அதற்குப் பதில் பேச்சு வராது, வாயடைத்துத்தான் போகும் என்றார் லாரன்ஸ். பேச்சுக்குப் பேச்சால் பதில் சொல்லுங்கள் என்று சொல்வது சுலபம். முற்றத்தில் நெருப்பைப் பார்த்த அம்மா என்ன பேசுவார்?

---

வடகரையான் எழுதியது:

சட்ட விஷயம் கொஞ்சம் தெளிவாக்கிவிடுகிறேன், இழை திசைமாறாமல் இருக்கும்.

செயின்ட் பால் வழக்கில், பிறர் வீட்டில் சிலுவை கொளுத்துவது சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அத்துமீறல், தீ வைத்தல், மிரட்டல் என்று வழக்குப் போட ஏற்கெனவே சட்டங்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட கருத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தண்டிக்கும் சட்டம்தான் கூடாது என்றது. பின்னர் மத்திய அரசின் சிவில் உரிமைச் சட்டப்படி வழக்கு நடந்து அந்த இளைஞர்களின் குற்றம் உறுதியானது.

2003இல் வர்ஜீனியா வழக்கில் இன்னும் ஒரு படி போனார்கள். ஒருவரை அச்சுறுத்தும் நோக்கத்தோடு சிலுவை கொளுத்தினால் மாநிலம் அதைக் குற்றமாக்கலாம் என்றார்கள். அந்த அமர்வில் இருந்த ஒரே கறுப்பின நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், இதைப் பேச்சு என்று பார்ப்பதே தவறு, இது வெறும் பயங்கரவாதம் என்று தனியாக எழுதினார். மற்ற பல விஷயங்களில் அவரோடு ஒத்துப்போக மாட்டேன். அந்தப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள், தெற்கில் வளர்ந்தவரின் குரல் கேட்கும்.

பிராண்டன்பர்க் தீர்ப்பின் அளவுகோல்: உடனே வன்முறை நடக்க வேண்டும் என்ற நோக்கம் இருக்க வேண்டும், நடக்கும் வாய்ப்பும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் பேச்சைத் தண்டிக்கலாம்.

---

நெல்லைவாசி எழுதியது:

நான் பதினைந்து வருடத்துக்கும் மேலாக ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே ஸ்வஸ்திகாவைக் கொடியில் ஏற்றினால் போலீஸ் வரும். ஓர் இனத்துக்கு எதிராக வெறுப்பைத் தூண்டினால் குற்றவியல் சட்டம் 130ஆம் பிரிவு பாயும். இதனால் ஜெர்மனி சர்வாதிகார நாடாகிவிட்டதா? பத்திரிகைகள் அமைச்சர்களைக் கிழித்துத் தோரணம் கட்டுகின்றன. தன் வரலாற்றில் எது விஷம் என்று தெரிந்த நாடு அதைப் பூட்டி வைக்கிறது. அமெரிக்காவுக்கு 250 வருட அடிமை முறை, அதற்கப்புறம் நூறு வருட இன ஒதுக்கல். அவர்களுக்கு மட்டும் ஏன் இது முடியாது?

தூரத்துமேகம் சொல்வதுதான் எனக்கும் படுகிறது.

---

கல்மரம் எழுதியது:

நெல்லைவாசி, நல்ல கேள்வி. ஜெர்மனி 1945இல் தோற்று, பழைய ஆட்சி அடியோடு போன பிறகு அந்தச் சட்டங்களை எழுதியது. அலபாமாவில் 1960இல் ஆட்சி யார் கையில் இருந்தது? சட்டம் எழுதுகிறவர், வழக்குப் போடுகிறவர், ஜூரியில் உட்காருகிறவர் எல்லாருமே இன ஒதுக்கலை ஆதரித்தவர்கள். அவர்கள் கையில் "வெறுப்பைத் தூண்டும் பேச்சுக்குத் தடை" என்று ஒரு சட்டம் இருந்திருந்தால் முதலில் உள்ளே போயிருப்பவர் கிங்தான். அமைதியைக் குலைத்தார், அனுமதியில்லாமல் ஊர்வலம் போனார் என்று அவரைப் பிடித்ததெல்லாம் அந்த வகைச் சட்டங்களை வைத்துத்தானே.

1961 மார்ச்சில் தென் கரோலைனாவின் தலைநகர் கொலம்பியாவில் 187 கறுப்பின மாணவர்கள் சட்டமன்ற வளாகத்தில் அட்டை பிடித்து நடந்தார்கள். கலைந்து போகச் சொன்னார்கள். மாணவர்கள் பாட ஆரம்பித்தார்கள். "அமைதிக்குப் பங்கம்" என்று கைது. 1963இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது. கேட்கிறவர்களுக்குக் கோபம் வருகிறது என்பதற்காகப் பேசுகிறவரைப் பிடிக்க முடியாது என்பது அங்கே உறுதியானது.

அதே 1963இல் அலபாமாவின் பிர்மிங்காமில் ஊர்வலத்துக்கு முறைப்படி அனுமதி கேட்கப் போனவரிடம், இங்கே உனக்கு அனுமதி கிடையாது, சிறைக்குத்தான் அனுப்புவேன் என்று சொன்னார் ஆணையர் புல் கானர். பேச்சுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் எனக்கு எப்போதும் முதல் கேள்வி.

அமெரிக்காவும் ஒரு கட்டத்தில் ஜெர்மனி போன்ற வழியில் போகப் பார்த்தது. ஓர் இனத்தை இழிவுபடுத்தும் அச்சுப் பிரதிகளைத் தண்டிக்கும் இல்லினாய் சட்டத்தை 1952இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று ஏற்றுக்கொண்டது. தண்டிக்கப்பட்டவர் ஒரு வெள்ளை இனவெறியர். இன்றுவரை அந்தத் தீர்ப்பை முறைப்படி ரத்து செய்யவில்லை. சல்லிவன் வழக்குக்குப் பிறகு யாரும் அதை நம்பி வழக்குப் போடுவதும் இல்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1988இல் வெறுப்புப் பேச்சுக்கு எதிராக விதி கொண்டுவந்தது. கறுப்பின மாணவர்களைக் காப்பாற்றக் கொண்டுவந்தது. அது இருந்த கொஞ்ச காலத்திலேயே கறுப்பின மாணவர்கள் மீதும் அந்த விதிப்படி புகார்கள் வந்தன. 1989இல் நீதிமன்றம் விதியைத் தள்ளியது.

---

கீழவீதி எழுதியது:

ஒரு தகவல் சேர்க்கிறேன், பலருக்குத் தெரிந்திருக்காது.

1966இல் மேரிலாந்தில் ஒரு வெள்ளை இனவெறிக் கட்சி கூட்டம் போடக் கூடாது என்று தடை வாங்கினார்கள். அந்தத் தடையை எதிர்த்து 1968இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்தவர் எலினார் ஹோம்ஸ் நார்டன். கறுப்பினப் பெண். மிசிசிப்பியில் வாக்குரிமைப் போராட்டத்தில் நேரில் நின்றவர். குடிமக்கள் உரிமைகளுக்காக வழக்காடும் ஏ.சி.எல்.யூ. அமைப்பின் வழக்கறிஞராக இதைச் செய்தார். பிற்பாடு 1991 முதல் வாஷிங்டன் டி.சி.யின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்தில் இருந்தார்.

வடகரையான் சொன்ன 2003 வர்ஜீனியா வழக்கில் கிளான் தலைவருக்காக விசாரணையில் வாதாடிய டேவிட் பாவும் கறுப்பினத்தவர்தான்.

இவர்களுக்கு இனவெறியின் வலி தெரியாது என்று சொல்ல முடியுமா? அந்தத் தடை நாளை தங்கள் கூட்டத்தின் மேலே விழும் என்று தெரிந்துதான் போய் நின்றார்கள்.

---

தூரத்துமேகம் எழுதியது:

நார்டன் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு கீழவீதி. ஆனால் வழக்கறிஞரின் துணிச்சல் வேறு, தெருவில் இருப்பவரின் பயம் வேறு.

1977 ஸ்கோகி விவகாரம் நினைவிருக்கும். சிகாகோவுக்குப் பக்கத்து ஊர். நாஜி முகாம்களில் தப்பிப் பிழைத்த யூதர்கள் நிறையப் பேர் குடியிருந்த இடம். அங்கே நாஜிச் சீருடையில் ஊர்வலம் போக ஒரு கும்பல் அனுமதி கேட்டது. ஏ.சி.எல்.யூ. அவர்களுக்காக வாதாடியது. அப்போது அதன் நிர்வாக இயக்குநராக இருந்த ஆர்யே நையர் சிறுவயதில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் அமைப்பை விட்டு விலகினார்கள். வழக்கில் ஜெயித்தும் கடைசியில் அந்த ஊர்வலம் ஸ்கோகியில் நடக்கவில்லை. சிகாகோவில் கூட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். அதனால் எல்லோரும் இதை வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள்.

சார்லட்ஸ்வில் அப்படி முடியவில்லை. 2017 ஆகஸ்ட்டில் நகராட்சி கூட்டத்தை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னது. ஏ.சி.எல்.யூ.வின் வர்ஜீனியா கிளை கோர்ட்டுக்குப் போய் அந்த இடத்தையே வாங்கிக் கொடுத்தது. துப்பாக்கியும் தடியும் தீவட்டியுமாக வந்தார்கள். மறுநாள் ஒருவன் காரை எதிர்ப்பாளர்கள் மீது ஏற்றி, 32 வயதுப் பெண் ஒருவர் செத்துப்போனார். அதற்குப் பிறகுதான், ஆயுதத்தோடு ஊர்வலம் போகிறவர்களுக்காக வாதாட மாட்டோம் என்று ஏ.சி.எல்.யூ. அறிவித்தது. அந்த முடிவை முன்பே எடுத்திருக்கலாம் என்றுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இன்னொன்று. உச்ச நீதிமன்றத்தையும் ரொம்பத் தூக்கிவைக்க வேண்டாம். பிர்மிங்காம் ஊர்வலத்துக்காக அதே நீதிமன்றம் 1967இல் 5-4 என்று கிங்குக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நோபல் பரிசு வாங்கிய பிறகும் அந்த மனிதர் திரும்பிப் போய்ச் சிறையில் இருந்தார்.

---

புதுவெள்ளம் எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. எல்லோரும் அரசாங்கத்தைப் பற்றியே பேசுகிறீர்களே, முதலாளியைப் பற்றி யாருமே பேசவில்லை.

2016இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் தேசிய கீதத்தின்போது முதலில் உட்கார்ந்திருந்தார். முன்னாள் ராணுவ வீரர் ஒருவரோடு பேசிய பிறகு மண்டியிட ஆரம்பித்தார். போலீஸ் கறுப்பினத்தவரைக் கொல்வதை எதிர்த்து. ஒரு சொல் கூடச் சொல்லாமல் செய்த எதிர்ப்பு. அந்த சீசனுக்குப் பிறகு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 2017 செப்டம்பரில் அலபாமாவில் நடந்த கூட்டத்தில், மண்டியிடுகிற வீரரை வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று அன்றைய அதிபர் ட்ரம்ப் அணி முதலாளிகளிடம் கேட்டார். 2019இல் லீகோடு சமரசம் ஆனது. ஆடுகளத்துக்கு மட்டும் அவர் திரும்பவே இல்லை.

முதல் சட்டத்திருத்தம் இங்கே எதுவும் செய்யாது. அது அரசைத்தான் கட்டும், கம்பெனியைக் கட்டாது. அமெரிக்காவில் பெரும்பாலான தொழிலாளர்களைக் காரணம் சொல்லாமலே அனுப்பலாம். ஆக, சராசரி மனிதனுக்கு எந்த நீதிபதியை விடவும் அவனுடைய மேலாளர்தான் பேச்சுரிமையின் எல்லையைத் தீர்மானிக்கிறார்.

---

வடகரையான் எழுதியது:

புதுவெள்ளம் சொன்ன இடத்திலிருந்து ஒரு வழக்கைச் சொல்கிறேன். "கேன்சல் கல்ச்சர்" (ஒருவரைப் பொதுவில் கண்டித்துக் கூட்டாகப் புறக்கணிப்பது) பற்றி விவாதிக்கிற யாரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் பேசக் கூடாது என்பது என் கருத்து.

மிசிசிப்பியில் போர்ட் கிப்சன் என்ற சிற்றூர். 1966 மார்ச்சில் கறுப்பின மக்கள் ஊர்ப் பெரிய மனிதர்களிடம் கோரிக்கைப் பட்டியல் கொடுத்தார்கள். பள்ளிகளில், பொது இடங்களில் ஒதுக்கல் போக வேண்டும், போலீசில் கறுப்பினத்தவரை எடுக்க வேண்டும், கடைகளில் வேலை தர வேண்டும் என்பவற்றோடு இன்னொன்றும் இருந்தது: வயது வந்தவர்களைப் "பையா", "பொண்ணு" என்று கூப்பிடாமல், மிஸ்டர், மிசஸ், மிஸ் என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும். எழுபது வயதுக் கிழவரை இருபது வயதுக் கடைப்பையன் "டேய்" போட்டுக் கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கோரிக்கை ஏன் பட்டியலில் ஏறியது என்று விளக்க வேண்டியதில்லை.

திருப்தியான பதில் வரவில்லை. ஏப்ரல் 1 முதல் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள். கடை வாசலில் ஆட்கள் நின்று, உள்ளே போகிற கறுப்பினத்தவரின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்களை தேவாலயத்தில் நடந்த கூட்டங்களில் சத்தமாகப் படித்தார்கள். ஒரு சிறு பத்திரிகையிலும் அச்சடித்தார்கள். புறக்கணிப்பை மீறுகிறவன் கழுத்தை முறிப்போம் என்று என்.ஏ.ஏ.சி.பி.யின் மிசிசிப்பிப் பொறுப்பாளர் சார்ல்ஸ் எவர்ஸ் மேடையில் பேசினார். சில வீடுகள் மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது.

1969இல் கடைக்காரர்கள் என்.ஏ.ஏ.சி.பி. மீதும் புறக்கணித்தவர்கள் மீதும் வழக்குப் போட்டார்கள். மாநில நீதிமன்றம் 12.5 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கட்டச் சொன்னது. என்.ஏ.ஏ.சி.பி. திவாலாகும் நிலை. 1982இல் உச்ச நீதிமன்றத்தில் எட்டு நீதிபதிகள் ஒருமனதாக அதை ரத்து செய்தார்கள். வன்முறை செய்தவன் அவன் செய்ததற்குப் பொறுப்பு. அமைதியாகப் புறக்கணித்தவர்களும் பேசியவர்களும் பொறுப்பல்ல என்றார்கள். ஒருவரைக் கூச வைக்கிறது, நெருக்கடி கொடுக்கிறது என்பதற்காகப் பேச்சு தன் பாதுகாப்பை இழக்காது என்று எழுதினார் நீதிபதி ஸ்டீவன்ஸ். எவர்ஸின் பேச்சையும், அதைத் தொட்டு உடனே வன்முறை நடக்கவில்லை என்று பிராண்டன்பர்க் அளவுகோலை வைத்தே காப்பாற்றினார்கள்.

கிளான் தலைவருக்காக 1969இல் எழுதிய விதி 1982இல் கறுப்பின மக்களைக் காப்பாற்றியது. தூரத்துமேகம் அக்கா, உங்களுக்குப் பதிலாக இதைச் சொல்லவில்லை. அந்த விலை அப்படியேதான் இருக்கிறது.

---

நெல்லைவாசி எழுதியது:

வடகரையான், அப்படியானால் பெயரைப் போட்டு அவமானப்படுத்துவது நியாயம் என்கிறீர்களா? 2020 ஜூனில் நியூயார்க் டைம்ஸில், போராட்டங்களை அடக்க ராணுவத்தை அனுப்பச் சொல்லி செனட்டர் டாம் காட்டன் எழுதிய கட்டுரையைப் போட்டதற்காகக் கருத்துப் பக்க ஆசிரியர் ஜேம்ஸ் பென்னட் பதவி விலக வேண்டியதாயிற்று. அதுவும் அந்த வரிசையில் வருமா?

---

வடகரையான் எழுதியது:

சட்டப்படி, கண்டித்து எழுதிய ஒவ்வொரு ஊழியருக்கும் அந்த உரிமை உண்டு. நியாயமா என்று கேட்டால், என் கணக்கு வேறு. போர்ட் கிப்சனில் புறக்கணித்தவர்கள் கையில் அதிகாரம் எதுவும் இல்லை. அவர்கள் கேட்டது தங்கள் ஊரில் மனிதராக நடத்தப்பட. ஒரு செனட்டரின் கருத்து பிடிக்கவில்லை என்றால் பக்கத்திலேயே மறுப்பைப் போட்டிருக்கலாம். நாட்டை ஆளுகிற ஒருவர் என்ன நினைக்கிறார் என்று வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த ஆசிரியர் போனதில் கறுப்பின மக்களுக்கு ஒரு லாபமும் இல்லை என்றே நினைக்கிறேன்.

---

சிற்றோடை எழுதியது:

நான் ஃபுளோரிடாவில் ஒரு அரசுக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

2022இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. "ஸ்டாப் வோக்" என்று ஆளுநர் டிசான்டிஸ் பெயர் வைத்தார். இனம் பற்றிய எட்டுக் கருத்துகளைப் பட்டியல் போட்டு, வகுப்பில் அவற்றை ஏற்றுக்கொள்ளும்படி பேசக் கூடாது என்றது. விமர்சித்துப் பேசலாம், ஆதரித்துப் பேசக் கூடாது. அந்த செமஸ்டர் என் பாடத்திட்டத்தில் இடஒதுக்கீட்டு வழக்குகள் ஒரு வாரம். ஸ்லைடுகளை முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது என்று ஒரு மூத்த பேராசிரியர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். மாணவர்கள் கேள்வி கேட்டால் என் கருத்தைச் சொல்லாமல் "இரண்டு தரப்பும் இருக்கிறது" என்று முடித்துக்கொண்டேன். வகுப்பில் இருந்த கறுப்பின மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

2022 நவம்பரில் கூட்டாட்சி நீதிபதி மார்க் வாக்கர் பல்கலைக்கழகங்களுக்கான பகுதியை நிறுத்தி வைத்தார். அரசுக் கல்லூரியில் பேராசிரியர் பேசுவது அரசின் பேச்சு, அதனால் அரசு சொன்னபடிதான் பேச வேண்டும் என்று மாநிலம் வாதாடியது. அதைத்தான் அவர் கடுமையாக மறுத்தார். நிறுவனப் பயிற்சி வகுப்புகளுக்கான பகுதியை 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடுத்தது.

நெல்லைவாசி, எனக்கு ஜெர்மனியின் சட்டம் வேண்டாம் என்று தோன்றுவது இதனால்தான். எங்கள் மாநிலத்தில் அதை யார் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

---

நெல்லைவாசி எழுதியது:

சிற்றோடை, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இருந்தாலும் ஒன்று: உங்களைத் தடுத்த சட்டம் உண்மையைப் பேசுவதைத் தடுத்தது. ஜெர்மனியின் சட்டம் பொய்யையும் கொலைவெறியையும் தடுக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

---

கீழவீதி எழுதியது:

நம் ஆட்களைத் தொடுகிற ஒரு நிகழ்வும் இதில் உண்டு. 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தையொட்டி, தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த தேன்மொழி சௌந்தரராஜன் கூகுளில் பேசுவதாக இருந்தது. அவர் பேசினால் தங்கள் பாதுகாப்புக்கு ஆபத்து, அவர் இந்து விரோதி என்று சில ஊழியர்கள் மின்னஞ்சல் அனுப்பினார்கள். நிகழ்ச்சி ரத்தானது. ஏற்பாடு செய்த மேலாளர் தனுஜா குப்தா பிறகு வேலையை விட்டார்.

"உங்கள் பேச்சு என்னைக் காயப்படுத்துகிறது" என்ற வாதம் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள். ஒடுக்கப்பட்டவர் தன் அனுபவத்தைச் சொல்வதையே நிறுத்த அது பயன்பட்டது. அடுத்த ஆண்டு சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே நோக்கத்தோடு வந்த கலிபோர்னியாவின் மசோதாவை ஆளுநர் நியூசம் 2023 அக்டோபரில் திருப்பி அனுப்பினார். அந்த மேடைகளில் எல்லாம் தலித் மக்கள் பேசத்தான் செய்தார்கள். நகர மன்றம் யாரையும் அவர் கருத்துக்காக வெளியேற்ற முடியாது, கம்பெனியால் முடியும். புதுவெள்ளம் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது.

---

தூரத்துமேகம் எழுதியது:

கீழவீதி, அந்த நிகழ்வில் நான் உங்களோடுதான் நிற்கிறேன். ஆனால் தேன்மொழி பேச முடியாமல் போனதற்குக் காரணம் வெறுப்புப் பேச்சுச் சட்டம் இல்லையே. அதிகாரம் இருக்கிறவர்கள் பாதிக்கப்பட்டவர்களின் மொழியைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். அதற்காகப் பாதிக்கப்பட்டவர்கள் அந்த மொழியைக் கைவிட வேண்டுமா?

வடகரையானிடம் ஒரு கேள்வி. போர்ட் கிப்சன் தீர்ப்பு இன்றும் செல்லுபடியாகிறதா? லூசியானாவில் ஏதோ வழக்கு நடந்ததாகப் படித்தேன்.

---

வடகரையான் எழுதியது:

ஆமாம் அக்கா, டிரே மெக்கசன் வழக்கு. 2016 ஜூலையில் பேட்டன் ரூஜில் ஆல்டன் ஸ்டெர்லிங்கைப் போலீஸ் சுட்டுக் கொன்றதை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. கூட்டத்தில் யாரோ எறிந்த கல் போன்ற ஒரு பொருள் ஒரு போலீஸ்காரர் முகத்தில் பட்டுப் பலத்த காயம். எறிந்தவர் யார் என்று தெரியவில்லை. அந்தப் போலீஸ்காரர், போராட்டத்தை ஏற்பாடு செய்த மெக்கசன் மீது வழக்குப் போட்டார். மெக்கசன் எறியவில்லை, எறியச் சொல்லவும் இல்லை. சாலையை மறித்துப் போராட்டம் நடத்தினால் இப்படி நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும், ஆகவே கவனக்குறைவு என்பதுதான் குற்றச்சாட்டு.

லூசியானா உள்ளிட்ட மாநிலங்களுக்கான கூட்டாட்சி நீதிமன்றமான ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கு நடக்கலாம் என்றது. போர்ட் கிப்சன் தீர்ப்புக்கு நேர் எதிரானது அது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கி, லூசியானா மாநிலச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள் என்றது. மாநில உச்ச நீதிமன்றம் அனுமதிக்கிறது என்றது. ஐந்தாவது வட்டம் 2023இல் மறுபடியும் பழைய முடிவுக்கே வந்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது. நீதிபதி சொட்டமயர் மட்டும், இதை அந்த முடிவுக்கு ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தனிக்குறிப்பு எழுதினார். அதே ஜூலையில் மாவட்ட நீதிமன்றம் மெக்கசனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

ஆக, போர்ட் கிப்சன் தீர்ப்பு ரத்தாகவில்லை. ஆனால் லூசியானா, மிசிசிப்பி, டெக்சஸ் மூன்றும் ஐந்தாவது வட்டத்துக்குள்தான் வருகின்றன. அங்கே ஊர்வலம் ஏற்பாடு செய்கிறவர், கூட்டத்தில் முகம் தெரியாத ஒருவர் என்ன செய்வாரோ என்று முன்கூட்டியே வழக்கறிஞரைக் கேட்க வேண்டியிருக்கிறது. போர்ட் கிப்சனும் மிசிசிப்பியில்தான் இருக்கிறது.